ஆசிரியருக்கான ஜெபக் குறிப்பேடு: பயனும் பழுதும்

கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கென்றே அச்சிடப்படும் ஜெபக் குறிப்பேடுகள் இப்போது பல வடிவங்களில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் மேசையில் வைத்துப் பயன்படுத்தியபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வெளியீட்டாளரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சுட்டும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைக் குறிப்பேடுகள் பலவற்றிலும் காணப்படுபவை. அவற்றை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கெட்டி அட்டை, கைக்கு அடக்கமான அளவு, வாரத்துக்கு இரண்டு எதிரெதிர்ப் பக்கங்கள். இடப்பக்கத்தில் அந்த வாரத்துக்கான ஒரு வேதவசனமும், அதன்கீழ் நாள்வாரியாக மாணவர் பெயர்களை எழுதுவதற்கான கட்டங்களும் உள்ளன. வலப்பக்கம் மூன்று பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: பெயர், விண்ணப்பம், பதில் கிடைத்த நாள். தொடக்கத்தில் ஆசிரியப் பணியில் ஜெபத்தின் இடம் குறித்த ஒரு முன்னுரை. இடையிடையே ‘கடினமான மாணவருக்காக’, ‘விடைத்தாள் திருத்துமுன்’, ‘மாணவர்களோடு ஜெபித்தல்’ என்று தனிப் பக்கங்கள். இறுதியில் சில வெற்றுத் தாள்கள்.

இதன் மிகச் சிறந்த பகுதி, பார்த்தால் மிகச் சாதாரணமாகத் தோன்றும் இடப்பக்கக் கட்டங்களே. வருகைப்பதிவேட்டில் உள்ள பெயர்களைப் பள்ளி நாட்களுக்கு ஏற்பப் பகுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு சிலருக்காக மட்டும் ஜெபிக்கும்படி இது நம்மைப் பழக்குகிறது. ‘என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் ஜெபத்துக்கும், ஒரு பெயரை எழுதி அதன்முன் சற்று நேரம் அமர்ந்திருக்கும் ஜெபத்துக்கும் உள்ள வேறுபாடு, முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பேனாவை எடுத்துப் பெயரை எழுதியாகிவிட்டது. அடுத்து என்ன கேட்பது? இந்தக் கேள்விதான் குறிப்பேட்டின் உண்மையான பயன். துடுக்கான மாணவனுக்கும், நோயுற்ற மாணவிக்கும், முதலிடம் பெறுகிறவர்களுக்கும் விண்ணப்பம் எளிதில் வந்துவிடும். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லி, மணி அடித்ததும் வெளியேறிவிடும் ஒரு மாணவியின் பெயரருகே எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். அவள் குரல் நினைவில்லை. மறுநாள் வகுப்பில் அவளைப் பார்க்கும் பார்வை தானாகவே மாறியது. யாருடன் அமர்கிறாள், எந்தக் கேள்வி எழும்போது தலை குனிகிறாள், இடைவேளையில் ஏன் வகுப்பறையிலேயே இருந்துவிடுகிறாள் என்பவை அதற்கு முன்பும் என் கண்முன் நடந்தவையே.

ஜெபம் மாணவரை மாற்றுகிறதா, ஆசிரியரை மாற்றுகிறதா என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. இரண்டும் நடக்கலாம், தேவன் செய்வதை நாம் அளந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டுமானால் அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும், கவனித்தால் கற்பிக்கும் விதம் மாறும் என்பது எந்த ஆசிரியரும் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். குறிப்பேட்டை இந்த ஒரே அளவுகோலால்தான் நான் மதிப்பிடுகிறேன்: எந்தப் பக்கம் நம்மை மாணவர் பக்கமாகத் திருப்புகிறது, எந்தப் பக்கம் நம்மை நம் வெற்றியின் பக்கமாகத் திருப்புகிறது?

முன்னுரை சுருக்கமானது, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது. பிரான்சில் வாழ்ந்த ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651–1719) என்பவரின் முன்மாதிரியை அது எடுத்துக்கொள்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளை நிறுவி, கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் சபையைத் தொடங்கிய அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. யாக்கோபு கனவில் கண்ட ஏணியில் தேவதூதர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததை அவர் ஆசிரியருக்குப் பொருத்திக் காட்டினார்: மாணவருடைய தேவைகளை எடுத்துக்கொண்டு ஜெபத்தில் தேவனிடம் ஏற வேண்டும், அங்கே கற்றுக்கொண்டதோடு மாணவரிடம் இறங்கி வர வேண்டும். அவருடைய பள்ளிகளில் மணிதோறும் வேலையை நிறுத்தித் தேவபிரசன்னத்தை நினைவுகூரும் சிறிய ஜெபமும் வழக்கத்தில் இருந்தது. அது மாணவருக்கு மட்டும் ஏற்பட்டதன்று, ஆசிரியர் தம்மையே திரும்பப் பார்த்துக்கொள்வதற்கும் ஏற்பட்டது என்பதை முன்னுரை சரியாகவே எடுத்துச் சொல்கிறது. பொறுமை இழந்து குரல் உயரத் தொடங்கும் அந்த நேரத்தில் ஒரு மணியோசை எவ்வளவு பெரிய உதவி என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பேச எழும் முன்பாகத் தனக்காகவும் தன்னைக் கேட்கப் போகிறவர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்ற, ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனின் அறிவுரையும் முன்னுரையில் வருகிறது. அகுஸ்தீன் பேச்சுக்கலையைத் தொழிலாகக் கற்பித்தவர். திறமை, பயிற்சி, தயாரிப்பு ஆகியவற்றின் மதிப்பை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அவற்றைக் குறைத்துப் பேசவுமில்லை. இதை முன்னுரை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். பாடம் தயாரிக்காமல் ஜெபித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவதை விசுவாசம் என்று கருதுகிறவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்காக ஜெபிக்கும் ஆசிரியர், அடுத்த நாள் அதே கணக்கை வேறொரு வழியில் விளக்கத் தயாராக வரவில்லை என்றால், அந்த ஜெபத்தில் ஏதோ ஒன்று பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

வாரவசனங்களின் தேர்வு என்னை ஏமாற்றியது. வெற்றி, பலன், ஆசீர்வாதம், ஞானம் என்று நம்பிக்கை தரும் வசனங்களாகவே தொகுத்திருக்கிறார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்னும் யாக்கோபு 1:5 இருக்கிறது. அதே நிருபத்தில், போதகர்கள் அதிகக் கண்டிப்பான தீர்ப்புக்கு உள்ளாவார்கள் ஆதலால் உங்களில் அநேகர் போதகராக வேண்டாம் என்று எச்சரிக்கும் 3:1 இல்லை. ஆசிரியருக்கான குறிப்பேட்டில் இல்லாமல் அந்த வசனம் வேறெங்கே இருக்கும்? இதைவிடப் பெரிய குறை 1 சாமுவேல் 12:23 விடுபட்டிருப்பது. இஸ்ரவேல் மக்கள் தன் தலைமையை ஒதுக்கிவிட்டு ராஜாவைக் கேட்டு வாங்கிய பிறகும், உங்களுக்காக விண்ணப்பம்பண்ணாமல் விடுவது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்கிறார் தீர்க்கதரிசி சாமுவேல். அதே வாக்கியத்தில், நன்மையும் செவ்வையுமான வழியை உங்களுக்குப் போதிப்பேன் என்றும் சொல்கிறார். ஜெபிப்பதும் போதிப்பதும் ஒரே கடமையின் இரு கைகளாக வரும் இடம் அது. தன்னை வேண்டாம் என்றவர்களுக்காகச் செய்யப்படும் கடமை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பில் தன் சொல் எடுபடாத ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் இல்லை.

இனி வலப்பக்கத்துக்கு வருகிறேன். ‘பதில் கிடைத்த நாள்’ என்ற மூன்றாம் பத்திதான் இந்தக் குறிப்பேட்டின் பெரிய பழுது. அதன் நோக்கம் நல்லதே. ஜெபித்ததை மறந்துவிடாமல், பெற்ற நன்மைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஒரு பத்தியை அச்சிட்டுவிட்டால் அதை நிரப்ப வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கூடவே வந்துவிடுகிறது. நிரப்பக்கூடிய விண்ணப்பங்களையே கை எழுதத் தொடங்குகிறது: தேர்ச்சி பெற வேண்டும், காய்ச்சல் குணமாக வேண்டும், கட்டணம் கட்ட வழி பிறக்க வேண்டும். வெளியீட்டாளரே மாதிரிக்காக அச்சிட்டுக் காட்டியிருக்கும் வரியும் கணிதத் தேர்வில் தேர்ச்சி பற்றியதுதான். இந்த விண்ணப்பங்களில் தவறொன்றுமில்லை. பிள்ளைகளுக்கு இவை உண்மையான தேவைகள். ஆயினும், பொய் சொல்லப் பழகிவிட்ட ஒரு மாணவன் உண்மையை நேசிக்க வேண்டும் என்ற விண்ணப்பத்துக்கு எந்தத் தேதியைப் போடுவது? தந்தையை இழந்த பிள்ளைக்கு ஆறுதல் கிடைத்த நாள் எது?

பேதுருவுக்காக இயேசு ஜெபித்ததை லூக்கா 22-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார் போதகர். அன்றிரவே சீஷன் மூன்று முறை மறுதலிக்கிறான். மூன்றாம் பத்தியை வைத்துக்கொண்டு அந்த இரவில் யாராவது உட்கார்ந்திருந்தால் எதை எழுதியிருப்பார்கள்? அந்த ஜெபத்தின் பலன் மறுதலிப்பைத் தடுக்கவில்லை. மறுதலித்தவன் திரும்பி வந்து தன் சகோதரரை ஸ்திரப்படுத்துகிறவனாவதில் வெளிப்பட்டது. திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதையும் இயேசு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் என்பது ஆசிரியருக்கு முக்கியமானது. மாணவரின் தோல்வியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அதற்கு அப்பாலும் பார்க்கும் ஜெபம் அது. பள்ளியில் நாம் விதைப்பவற்றில் பெரும்பாலானவற்றின் விளைவு, அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பைவிட்டு, பள்ளியைவிட்டுப் போன பின்புதான் தெரியும். பல நமக்குத் தெரியவே வராது. தேதிப் பத்தி இந்த உண்மைக்கு இடம் கொடுப்பதில்லை.

இரண்டாம் பருவத்தில் நான் அந்தத் தலைப்பைக் கோடிட்டு அடித்துவிட்டு, ‘நான் செய்ய வேண்டியது’ என்று எழுதிக்கொண்டேன். பெயர், விண்ணப்பம், நான் செய்ய வேண்டியது. ஒரு மாணவனுக்குப் பலகை சரியாகத் தெரிகிறதா என்று கேட்பது, ஒரு தாயை அழைத்துப் பேசுவது, எல்லார் முன்னிலையிலும் கடிந்ததற்குத் தனியே மன்னிப்புக் கேட்பது என்று அந்தப் பத்தி நிரம்பியது. சில விண்ணப்பங்களுக்கு எதிரே ஒன்றுமில்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாதவை அவை. அந்த வெற்றிடமும் பொருத்தமாகவே இருந்தது.

‘கடினமான மாணவருக்காக’ என்ற பக்கத்தை மனந்திறந்து பாராட்ட வேண்டும். இப்படிப்பட்ட பக்கங்கள் வழக்கமாக அந்த மாணவன் திருந்த வேண்டும் என்ற கோரிக்கையோடு தொடங்கும். இங்கே முதல் கேள்வியே, இவருக்காகத் தேவனுக்கு எதை முன்னிட்டு நன்றி சொல்வீர்கள் என்பது. பவுல் தன் நிருபங்களில் பலவற்றைக் கடிந்துகொள்ளும் முன் நன்றியோடு தொடங்குகிறார். அந்த ஒழுங்கையே இந்தப் பக்கம் பின்பற்றுகிறது. வகுப்பைக் கலைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவனுக்காக நன்றி சொல்ல ஒரு காரணத்தைத் தேடி எழுதுவது சுலபமன்று. அவன் தன் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர எனக்கு முதலில் எதுவும் கிடைக்கவில்லை. அதை எழுதிய பிறகு அவன்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் அவனைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசும்போது அந்தத் தம்பியும் நினைவுக்கு வந்தான். ஒரே ஒரு குறை: ஆசிரியரின் கோபத்துக்கும் சோர்வுக்கும் இந்தப் பக்கத்தில் இடமில்லை. சங்கீதங்களில் முறையீடு நிறைந்திருக்கிறது. ஆசிரியருக்கும் முறையிட ஒரு சில வரிகள் ஒதுக்கியிருக்கலாம்.

‘விடைத்தாள் திருத்துமுன்’ என்ற சிறிய ஜெபத்தை நான் கிழித்தெடுத்து வேறிடத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான்கே வரிகள். பிடித்த பிள்ளையின் தாளில் தாராளமும், பிடிக்காத பிள்ளையின் தாளில் கஞ்சத்தனமும் நுழையாதபடி காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஜெபித்துவிட்டுத் தாளின் பெயரை மடித்து மறைத்துவிட்டுத் திருத்துவது இன்னும் நல்லது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவையல்ல.

மாணவர்களோடு ஜெபிப்பது பற்றிய பகுதி மிகுந்த கவனத்தோடு திருத்தப்பட வேண்டியது. மாணவருக்காக ஜெபிப்பதும் மாணவரோடு ஜெபிப்பதும் வெவ்வேறு காரியங்கள். முன்னதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பின்னதற்கு வேண்டும். குறிப்பேடு இரண்டையும் கலந்து, ஒவ்வொரு வகுப்பையும் ஜெபத்தோடு தொடங்குங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கிறிஸ்தவப் பள்ளியில், பெற்றோரும் அறிந்து ஏற்றுக்கொண்ட வழக்கமாக அது இருக்கலாம். பல சமயத்தவரும் படிக்கும் பள்ளியில் அதே செயல் வேறு பொருள் பெறும். மதிப்பெண் போடும் கையை உடையவர் கண்ணை மூடச் சொன்னால், எந்தப் பிள்ளை மூடாமல் இருக்கும்? அந்தப் பிள்ளை ஜெபித்ததா, பயந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்குச் சுதந்தரம் உண்டு என்கிறது. பள்ளிகளில் ஜெபம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆசிரியர் தம் இடத்துச் சட்டத்தையும் பள்ளியின் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரியாவது அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, பிறர் காணும்படி நின்று ஜெபிப்பதைப் பற்றி மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும், அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டச் சொன்னதும் நாம் அறியாதவையல்ல. ஆசிரியரின் ஜெபத்தில் பெரும்பகுதி, மாணவருக்குத் தெரியாமலேயே நடக்க வேண்டியது என்பது என் கருத்து.

பிள்ளையே வந்து கேட்டால் அது வேறு. தேர்வுக்கு முன்பாகவோ, வீட்டில் யாராவது நோயுற்றிருக்கும்போதோ, எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று கேட்கும் மாணவருக்கு, நிச்சயமாக என்று சொல்லி, சொன்னபடி செய்வதே போதும். மறுநாள், அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடும். இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும்: தவறு செய்த மாணவனிடம், உனக்காக ஜெபிக்கிறேன் என்று கண்டிக்கும் தொனியில் சொல்வது. அதைவிடப் பிரம்பே மேல் என்று ஒரு மாணவன் நினைத்தால் அவனைக் குறைசொல்ல முடியாது. (பிரம்பும் வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.)

குறிப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லாத, ஆனால் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய விஷயம் இரகசியம் காப்பது. பிள்ளைகளின் முழுப் பெயரையும் அவர்கள் வீட்டுத் துன்பத்தையும் ஒரே வரியில் எழுதி, அந்த நூலை மேசையில் வைத்துவிட்டு நாம் வகுப்புக்குப் போகிறோம். பூட்டு இல்லை, அட்டையில் ‘ஜெபக் குறிப்பேடு’ என்று பொன்னெழுத்தில் வேறு அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்கும் திறந்து பார்க்கத் தோன்றும். பெயரின் முதலெழுத்தையும், தனக்கு மட்டும் விளங்கும் ஒரு குறியையும் பயன்படுத்துவது குறைந்தபட்ச எச்சரிக்கை. ஜெபக் குழுக்களிலும் இதே ஆபத்து உண்டு. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பகிரப்படும் செய்தி, மாலைக்குள் ஊர்ச்செய்தியாகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குடும்பத்தாரோ தங்களுக்காக ஜெபம் நடப்பதையே அறியமாட்டார்கள். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்ல வேண்டியதும் உண்டு. தன்னை யாரோ துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை ஆசிரியரிடம் சொன்னால், அதைக் குறிப்பேட்டில் எழுதி ஜெபிப்பதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை. பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடமும், சட்டம் சொல்லும் இடத்திலும் உடனே தெரிவிக்க வேண்டும். ஜெபம் அந்தத் துணிவைத் தர வேண்டுமே அல்லாமல், அதைத் தள்ளிப்போடும் சாக்காக ஆகிவிடக்கூடாது. அடுத்த பதிப்பில் வேறெதைச் சேர்க்காவிட்டாலும் இதை முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

தாள், கட்டு, அச்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தையல் கட்டு உறுதியாக இருக்கிறது. மை ஊறி மறுபக்கம் தெரிவதால் பந்துமுனைப் பேனாவே ஏற்றது. பெயர்க் கட்டம் சிறியது. நீண்ட பெயர் உடைய பிள்ளைகள் எப்போதும் கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். பக்கக் குறியாக வைத்திருக்கும் நாடா பருவத் தேர்வுக்குள் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. கைப்பேசிச் செயலிகளிலும் இதே வேலையைச் செய்யலாம், கடவுச்சொல் இருப்பதால் இரகசியத்துக்கு அது நல்லதும்கூட; ஆனால் ஜெபிக்க எடுத்த கைப்பேசியில் வேறு செய்தி ஒன்று வந்து விழாமல் இருப்பது அரிது.

பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒழுங்கு கைவரும்வரை இத்தகைய கட்டங்கள் பெரிய துணை. ஞாயிறுபள்ளியில் சில பிள்ளைகளை மட்டும் கவனிப்பவருக்கு இது தேவைக்கு மிஞ்சியது. ஒரு நாளில் ஐந்தாறு வகுப்புகளுக்குச் செல்லும் பாட ஆசிரியருக்கோ இடம் போதாது. அவர் ஒரு வகுப்பை மட்டும் தேர்ந்துகொண்டு பருவந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வாங்க வேண்டியதில்லை. கோடு போட்ட ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் வருகைப்பதிவேட்டுப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் அரைப் பக்கம் விட்டுவைத்தால், இந்தக் குறிப்பேடு தரும் நன்மை அனைத்தும் கிடைக்கும். தேதி கேட்கும் பத்தியும் இருக்காது.